ஒரே பாட்டில் சொட்டு மருந்து

என் அன்பு அக்கா,

நீ கண்புரை ஆபரேஷன் செய்த தியேட்டரில் இப்போது நான் நிற்கிறேன். அங்கே ஒன்றை மாற்றிவிட்டேன். நீ இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாய்.

ஒரு நோயாளிக்குச் சில சொட்டு விட்டதும் மீதி மருந்தைப் பாட்டிலோடு குப்பையில் போடுவோமே, அதை நிறுத்தினேன். காலையில் திறக்கும் பாட்டில் மருந்தையே, நுனி கண்ணில் படாமல், அன்றைய எல்லோருக்கும் விடுகிறோம். கிருமித் தொற்றில் உன் நோயாளி ஒருவருக்குக் கண் போன பிறகு நீ சொல்வாயே, "குப்பைய அள்ளிடலாம், போன கண்ண அள்ள முடியுமா?" என்று. அது காதில் கேட்டுக்கொண்டேதான் செய்தேன்.

டாக்டர் ரமணன் மட்டும் ஒப்பவில்லை. தன் நோயாளிகளுக்குப் புதிய பாட்டில்தான் என்றுவிட்டார். ஒரே தியேட்டரில் இரண்டு சட்டம்.

போன மாதம் பிள்ளைச்சாவடியிலிருந்து வந்த செல்விக்கு ஆபரேஷன் செய்தேன். மீன் விற்கிறவர். மறுநாள் கட்டைப் பிரித்தால் கண் சிவந்து, மங்கிக் கிடந்தது.

"கண்ணு போயிடுமா டாக்டரம்மா?" என்றார்.

போகாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அக்கா.

ரமணனைக் கூப்பிட்டேன். அவர் நிதானமாகப் பார்த்தார். "கிருமி மாதிரி தெரியல. வலியும் இல்லைங்கறாங்க. வெறும் அழற்சிதான். புது பாட்டில் தொறந்த கேஸ்லயும் எனக்கு இப்படி வந்திருக்கு" என்றார்.

அப்படியானால் நீங்களும் ஒரே பாட்டிலுக்கு மாறலாமே என்று கேட்டேன்.

"இன்னிக்கு உங்க மூஞ்சியப் பாத்தப்புறமா? மாட்டேன்."

மருந்தில் செல்விக்குப் பார்வை தெளிந்தது. நான்தான் தெளியவில்லை. அடுத்த சில நாள் நானும் ஆளுக்கொரு பாட்டில் திறக்கச் சொன்னேன். சாயங்காலம் மூட்டை மூட்டையாகக் குப்பை வெளியே போனதைப் பார்த்தபோது நெஞ்சு உறுத்தியது. அந்தக் கண்ணுக்கும் பாட்டிலுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கே தெரியுமே. பிறகு எதைக் காக்க எறிந்தேன்? கண்ணையா, என் பெயரையா? நீ எதற்காக எறிந்தாய், அக்கா? இதை உன்னிடம் கேட்காமலே விட்டுவிட்டேனே.

நாளையிலிருந்து மறுபடி ஒரே பாட்டில்தான். மறுநாள் கட்டுப் பிரிப்பதை மட்டும் இனி யாரிடமும் விடமாட்டேன். அந்த மருந்தால் ஒரு கண் கெட்டாலும் அன்றே நிறுத்துவேன். அந்த நோயாளியின் வீட்டுக்கு நானே போய், என் வாயால் சொல்வேன்.

இன்னும் உன்னோடு வாதாடும்
உன் தங்கை,
வசந்தா