குடத்தின் கழுத்தில் பாசிமாலை

றக்வான,
ஞாயிற்றுக்கிழமை

குவைத்தில் இருக்கும் என் பிரியமான மதினிக்கு,

உங்கள் தம்பி பெண்டாட்டி விஜயகலா எழுதிக்கொள்வது. நலம் என்று எழுதினால் பொய், நலமில்லை என்றாலும் பொய். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். நீங்கள் பேரீச்சம்பழம் தின்று தின்று கதவுக்குள் நுழைய முடியாமல் இருப்பதாக ஸில்மியா சொன்னாள். லீவு முடிந்து அவள் அங்கே திரும்புவதால் இதை அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். போன் எடுத்தாலே நீங்கள் அழுகிறீர்கள். நான் அழாமல் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது.

மாணிக்கக் கல்லுக்குழி இடிந்து உங்கள் தம்பியை மூடியதை மற்றவர்கள் சொல்லியிருப்பார்கள். நான் எழுதப் போவதில்லை. கருமாதி முடிந்தது. மழையும் விட்டது. அன்றைக்குக் குழியிலிருந்து மேலே ஏற்றியிருந்த சரளையைக் கூட்டாளிகள் பிறகு அரித்துப் பார்த்தார்களாம். விலைபோகிற கல் ஒன்றும் இல்லை. நான் பாசி கோர்க்கிறவள் என்பதால் கழிவுக் கல்லை ஒரு பையில் போட்டு வீட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். பழுப்புத் தோரமல்லி, வெடிப்பு விழுந்த கார்னெட், புகை பிடித்த மாதிரி பளிங்கு. இருந்தவரை எனக்கென்று ஒரு கல் கொண்டுவராத மனுசன் இப்போது பையோடு அனுப்பியிருக்கிறார். எதிலும் லேட்தான் உங்கள் தம்பி.

மாலையில் கோர்க்கும் கொட்டைக்காக, தொட்டாலே அரிக்கும் கித்துள் பனையின் பழத்தையும் வெறுங்கையால் உரித்தேன். முன்பெல்லாம் கை அரித்து லயத்து வீடுகளையே கூட்டிவிடுவேனே. இந்த முறை கை சிவந்து வீங்கியது. அரிப்பு தெரியவில்லை.

வேலைக் கதைக்கு வருகிறேன். எனக்கு அளவு நாடா ஒத்துவராது. கல் கனம், றப்பர் கொட்டை காற்று மாதிரி லேசு. எதற்குப் பக்கத்தில் எது என்பதை என் கழுத்தில் போட்டுப் பார்த்துத்தான் மாற்றுவேன். கருமாதிக்குப் பிறகு ஒரு நாள் அப்படிப் போட்டேன். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் இருளாயி அக்கா வாசலில் நின்று, "ஏன்டி, பொதைச்ச மண்ணு இன்னும் காயல, அதுக்குள்ள கழுத்துக்குப் பாசி கேக்குதோ?" என்று கத்தினார். என் பொட்டை அழித்த கைகளில் அவர் கையும் ஒன்று. கழற்றி வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு கட்டியதையெல்லாம் தண்ணீர்க் குடத்தின் கழுத்தில் போட்டுப் பார்த்தேன். இருளாயி அக்காவிடமே கழுத்தை இரவல் கேட்கலாம்தான், ஆனால் தலைக்கும் தோளுக்கும் நடுவில் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். என்னிடம் மாலை வாங்கும் இரத்தினபுரிக் கடை பயாஸ் நானா எல்லா மாலையையும் திருப்பித் தந்தார். போட்டால் கல்லெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து முறுக்கிக்கொள்கிறதாம். யார் கழுத்தில் அளவு பார்த்தீர்கள் என்றார். குடம் என்றேன். "அப்ப குடத்துக்கே வித்துருங்க தங்கச்சி" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உங்கள் தம்பியின் கல்லுக்குத் துளை போட்டுத் தந்திருக்கிறார். அந்தக் கல்லில் கட்டும் மாலையும் இப்படி வந்தால் வேலையை எம்பிலிப்பிட்டியப் பெண்களுக்குக் கொடுத்துவிடுவாராம். கொழுந்து பறிக்க என் முழங்கால் இனி மலை ஏறாது. பாசியும் போனால் சோற்றுக்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அந்த மாலை இப்போது மடியில் கிடக்கிறது. கதவைச் சாத்திவிட்டுப் போட்டுப் பார்க்கலாம். சாத்திக்கொண்டு போட நான் என்ன திருடியா மதினி?

உங்கள் தம்பி தாலி கட்டியபோது பின்னால் நின்று கடைசி முடிச்சைப் போட்டவர் நீங்கள். இந்தக் கழுத்தில் இனி என்ன ஏறலாம் என்று சொல்ல லயத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் கேட்க நினைப்பது உங்களிடம் மட்டும்தான். கடுதாசி கிடைத்ததும் போன் எடுங்கள். அழுவதென்றால் பிறகு அழலாம். முதலில் "போட்டுப் பாரு கலா" என்று சொல்லுங்கள், கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள். ஸ்பீக்கரில் போட்டு வாசல்படியில் வைக்கிறேன்.

மாரியாத்தா உங்களை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
விஜயகலா