குனிந்ததும் காணாமல் போகிற ஆள்

முல்சென்
ஜூலை 11

அன்பு மகள் யாஸ்னாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், ஸ்வீடனில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பித் தொடங்குகிறேன். இங்கே ஒன்பது நாளாக மழை விடவில்லை. விறகெல்லாம் ஈரம், அடுப்பு புகைந்து அப்பாவுக்கு இருமல், ஆனாலும் மழை பெய்தால் பூசணி அடை, அந்த சொப்பைப்பிய்யா, பொரித்தே ஆக வேண்டும் என்கிறார், பொரித்துக் கொடுத்தால் மூன்றோடு நிறுத்துவதும் இல்லை. உன் அத்தை வீட்டுக் கூரை மறுபடி ஒழுகுகிறது. இதையெல்லாம் ஃபோனிலேயே சொல்லிவிடலாம்தான். ஆனால் நான் சொல்ல வந்த விஷயத்தை எடுத்தாலே வீணாகப் பயப்படுகிறேன் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறாய், அதனால் உட்கார்ந்து தட்டுகிறேன், கடைசிவரை படி.

போன வருஷம் மர மில்லில் பொறியாளர் என்று என்னையும் கூட வேலை பார்க்கும் பாபியானையும் ஆன்லைன் பயிற்சியில் சேர்த்தார்களே, நீ முடித்த அதே பயிற்சி, தீப்பெட்டி அளவுக் கணினிப் பலகையை வைத்தே கேமரா எதைப் பார்க்கிறது என்று அதற்குப் புரிய வைக்கிற வேலை. ஐம்பத்திரண்டு வயசில் உனக்கு வீட்டுப்பாடமா என்று நீ சிரித்தாய். பாபியான் வீட்டில் கைக்குழந்தை, பாதிப் பாடம் அதன் அழுகையில்தான் ஓடும், ஆசிரியர் கூட வகுப்பு தொடங்கும்போது குழந்தை தூங்கிவிட்டதா என்று கேட்பார். கடைசி வேலைக்கு எங்கள் மில்லையே எடுத்துக்கொண்டோம். பட்டை உரிக்கும் இயந்திரத்துக்கு அருகில் ஆள் வந்தால் கேமரா பார்த்து, மரத்தை இழுத்துப்போகும் சங்கிலியை நிறுத்த வேண்டும். அதற்காக நான் நாலாயிரம் படம் எடுத்தேன், எல்லாம் ஜனவரியிலும் பிப்ரவரியிலும், நம் ஊர்க் கோடையில், நல்ல வெயிலில், எல்லோரும் ஆரஞ்சுச் சட்டை போட்டு நிமிர்ந்து நிற்கிறார்கள். சோதனையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாக வந்தது, சான்றிதழும் வந்தது. மார்ச்சில் அங்கே உன் மில்லுக்காக நீ கேட்டதும் அந்தப் படங்களையும் அவற்றை வைத்துப் பழக்கிய நிரலையும் பெருமையாக அனுப்பினேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஜூன் முதல் வாரம் இயந்திரத்தின் மின்சாரத்தை அணைத்துவிட்டுக் கேமராவை மட்டும் சோதித்துக்கொண்டிருந்தேன். பட்டை அள்ளும் தொழிலாளி பவுதிலியோ என்பவர் மழைக்கு மண் நிறப் போர்வையைப் போர்த்திக்கொண்டு உள்ளே வந்தார், திரையில் அவரைச் சுற்றிக் கட்டம் விழுந்தது, ஆட்கள் ஒன்று என்று காட்டியது. சிக்கிய பட்டையை இழுக்கக் குனிந்தார். கட்டம் போய்விட்டது. ஆட்கள் பூஜ்யம். நிமிரச் சொன்னேன், ஒன்று. குனியச் சொன்னேன், பூஜ்யம். ஈரப் போர்வையோடு குனிந்த மனிதன் அதன் கண்ணுக்கு இன்னொரு மரத்துண்டு. திரையைக் காட்டினேன். "என் பொண்டாட்டி கண்ணுக்கும் நான் முப்பது வருஷமா இப்படித்தாம்மா தெரியுறேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேலாளர் இத்துர்ராவிடம் அன்றைக்கே சொன்னேன். மழைக்காலப் படங்கள் எடுத்து மறுபடி பழக்க ஆறு வாரம் வேண்டும், அதுவரை இயந்திரத்தின் இரும்புக் கதவை எடுக்காதீர்கள், கதவைத் திறந்தால் சங்கிலி நிற்கிற பழைய ஏற்பாடே இருக்கட்டும் என்றேன். தொண்ணூற்றெட்டு போதாதா என்றார். மிச்ச ரெண்டு பேர் யார் என்று கேட்டேன். கதவால்தான் வேலை தாமதமாகிறது என்பது அவர் கணக்கு. அதோடு விடவில்லை, நின்ற சங்கிலியை மறுபடி ஓட்ட ஒரு ஆள் கையால் பொத்தானை அழுத்த வேண்டும் என்று பாடத்தில் படித்துப் படித்துச் சொன்னார்களே, அதையும் எடுத்துவிட்டு, ஆட்கள் பூஜ்யம் என்றால் சங்கிலி தானாகவே ஓடும்படி வைக்கச் சொன்னார். அந்த மாற்றத்துக்கு நான் கையெழுத்துப் போடவில்லை. பாபியான் போட்டான். என் முகத்தைப் பார்க்காமல், நீங்க பழைய ஆளு எர்மினியா, உங்களை அனுப்ப மாட்டாங்க, என்னை அனுப்பிடுவாங்க என்றான். கதவைக் கழற்றி மழையில் சாய்த்து வைத்தார்கள்.

அதன் பிறகு என் ஷிப்டில் யார் உள்ளே போனாலும் மின்விசையை அணைத்து அதில் நானே பூட்டுப் போட்டேன், சாவி என் பையில். அதற்காக இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கினேன். தொழிலாளர் ஆய்வாளரிடம் போயிருக்க வேண்டும், போகவில்லை. என் ஷிப்டை மட்டும் காப்பாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன் யாஸ்னா, அதுதான் உண்மை, உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது.

போன செவ்வாய்க்கிழமை காலை, பாபியானின் ஷிப்ட். பட்டை சிக்கியது, ஆள் குறைவு, மழைக்கோட்டோடு அவனே உள்ளே போனான். இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை இப்போது. கன்செப்ஸியோன் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தேன். அவன் மனைவி குழந்தையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அவன்தான் சொன்னான். "சங்கிலி நின்னுச்சு எர்மினியா. நின்னதைப் பாத்துட்டுத்தான் குனிஞ்சேன்." நான் எடுத்த படம், அவன் போட்ட கையெழுத்து, இதில் யாரை யார் தேற்றுவது.

இன்றைக்கு இத்துர்ரா கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். அந்தச் செவ்வாய்க்கிழமையின் கேமராப் பதிவு அது. பத்து நாற்பத்தொன்றுக்கு ஆட்கள் ஒன்று, பத்து நாற்பத்திரண்டுக்கு ஆட்கள் பூஜ்யம். ஆகவே பாபியான் வெளியே போய்விட்டான், பிறகு ஓடுகிற சங்கிலியில் வெளியிலிருந்து கையை விட்டிருக்கிறான், விதியை மீறியது அவன், இயந்திரத்தின் மேல் தப்பில்லை என்று அறிக்கை எழுதி வைத்திருக்கிறார்கள். பொறியாளர் என்ற முறையில் நான் அதில் கையெழுத்துப் போட வேண்டுமாம். நாளைக் காலை ஆய்வாளர் வருகிறார். அந்த நிமிஷம் அங்கே ஆள் இருந்தான் என்று சொல்லப் போகிறேன், பவுதிலியோவையும் போர்வையோடு கூட்டிப் போகிறேன். அதன் பிறகு எனக்கு அங்கே வேலை இருக்காது என்று அப்பாவுக்கும் தெரியும், சரி என்று தலையை ஆட்டினார்.

இனி உன் விஷயம். உங்கள் மில்லில் இது கோடை, எல்லோரும் சட்டையோடு நிமிர்ந்து நடக்கிறார்கள், உன் கேமரா ஒருவரையும் தவற விடாது, அதைப் பார்த்து உன் மேலதிகாரிகள் உன்னைப் புகழ்வார்கள். அக்டோபரில் பனி விழும். வெள்ளைத் தரையில் கனத்த கோட்டுப் போட்டுக் குனிகிறவனை அது ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, நான் காட்டவில்லை, நீயும் காட்டவில்லை. அதே நிரலை இன்னும் நான்கு மில்லுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னாய். அனுப்பாதே கண்ணு. அனுப்பியாகிவிட்டது என்றால் இன்றைக்கே அவர்களைக் கூப்பிட்டுச் சொல், உன் பெயர் கெட்டாலும் சொல், கெட்ட பெயரோடு வீட்டுக்கு வா, உனக்கு இங்கே ஒரு அறை இருக்கிறது.

கன்னி மாதா உன்னை இமைபோலக் காக்கட்டும், உன் கையில் உருவாகிற எதுவும் யாரையும் தீண்டாமல் இருக்கட்டும். குளிர் வந்தால் காதை மூடிக்கொண்டு வெளியே போ, காபியைக் குறை. நாம் ஃபோனில் பேசுகிற ஞாயிறு வரைக்கும் காத்திருக்காதே. நாளைக்கே மின்சாரத்தை அணைத்துவிட்டு, குளிர்காலக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, நீயே அங்கே போய்க் குனி. திரையில் என்ன எண் வந்தது என்று மட்டும் எனக்கு எழுது.

உன் பதிலுக்காக விழித்திருக்கும்
அம்மா
எர்மினியா