நான் போகாத கூட்டம்

6.3.1988

அன்புள்ள அண்ணன் செங்கல்வராயனுக்குத் தங்கை தனக்கோடி எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் பிள்ளையும் சுகம். மஸ்கட்டில் நீ சுகமா? உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் பாதியில் எழுந்துவிடுவேன். இன்று எழுதியே தீர்வது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அம்மாவைப் பற்றி. இடுப்பு எலும்பு கூடவில்லை. பிடித்துக்கொண்டு நாலடி நடக்கிறது, அவ்வளவுதான். காட்டூர் வழியிலிருக்கும் பம்புசெட்டிலிருந்து குடத்தோடு வரும்போது வரப்பில் விழுந்தது என்று எழுதியிருந்தேனே, அதன் பிறகு குடத்தைத் தொடவே விடவில்லை. இப்போது இரண்டு வீட்டுக்கும் நான்தான் சுமக்கிறேன். ஊற்று தோண்டினால் உப்புத்தான் வருகிறது. ஏரியில் இறாலும் சுமார். இந்த வாரம் வலை போடும் முறை நமக்கில்லை, மச்சான் வீட்டில் இருக்கிறார்.

பொன்னேரியில் கிராமத் தலைமைப் பயிற்சி என்று ஒரு சங்கத்தார் பத்து நாள் முகாம் போட்டார்கள். எட்டாவது படித்தவள் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். முதல் நாள் திறந்துவைக்க வந்த அதிகாரி மூன்று மணி நேரம் கழித்து வந்தார். மக்களே எஜமானர்கள் என்று பேசிவிட்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டு, எஜமானர்கள் வெயிலில் நிற்க ஜீப்பில் ஏறிப் போனார். அப்போதே திரும்பியிருப்பேன். பாடம் நடத்திய அமீனா டீச்சருக்காக இருந்தேன். பழவேற்காட்டுப் பெண், என்னைவிட நாலைந்து வயது சின்னவள். பஞ்சாயத்துத் தீர்மானம் எப்படிப் போடுவார்கள், யார் முன்மொழிவது, யார் வழிமொழிவது என்று புட்டுப்புட்டு வைத்தாள். பெண் யாரும் ஜெயிக்காத ஊரில் உறுப்பினர்களே ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். உங்கள் ஊரில் யார் என்று கேட்டாள். நான் எழுந்து, எங்க பஞ்சாயத்துல பொம்பளையே கிடையாது என்றேன்.

ஏழாம் நாள், அவரவர் ஊர் தீர்மானப் புத்தகத்திலிருந்து ஒரு தீர்மானத்தை நகலெடுத்து வரச் சொன்னார்கள். யூனியன் ஆபீஸ் சீட்டோடு நம் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போனேன். கிளார்க் ராஜேந்திரன் பார்க்காமலே புத்தகத்தைத் தள்ளினான். நடுவில் பிரித்தேன். மீனவர் குப்பத்துக்குப் போதுமான ஊற்று நீர் இருப்பதால், குடிநீர்க் குழாயைத் தலைவர் தெருவுக்கு மாற்றிப் போடலாம் என்று தீர்மானம். முன்மொழிந்தவர் உறுப்பினர் செங்கல்வராயன். வழிமொழிந்தவர் பெண் உறுப்பினர் தனக்கோடி.

வேறு தனக்கோடி என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் உன் மச்சான் பெயர் இருந்தது. அதற்கும் பக்கத்தில் ஒரு கைநாட்டு. எட்டாவது வரை படித்துக் கையெழுத்துப் போடுகிறவளுக்குக் கைநாட்டு. தேதியையும் பார்த்தேன். 1986 ஆகஸ்ட் பத்தொன்பது. அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் என்று உனக்குத் தெரியும். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றுக் கிடந்தேன். மறுநாள் ரொட்டியும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தாய். பிள்ளையைத் தூக்கி நைனா ஜாடை என்றாய்.

ராஜேந்திரனைக் கேட்டேன். எங்கோ பார்த்துக்கொண்டு, "என்னை இன்னாத்துக்குக் கேக்கற? உங்கண்ணன்தான் மை தொட்டு வெச்சாரு. எந்தங்கச்சிதானே, ஒண்ணும் சொல்லாதுன்னாரு" என்றான்.

நாலு மாதத்தில் உனக்கு விசா வந்தது. தலைவர் உலகநாதனின் மச்சினன் ஏற்பாடு. அப்போது நான் அவர் வீட்டுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன், அண்ணா. அவர் வாசலில் அந்தக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. கையைக் காலைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே போனேன். அதை நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தேன். உலகநாதன், "இன்னாம்மா, உன்ன யாரு கூப்ட்டது?" என்றார். "ரெண்டு வருசமா வந்துனுதான் இருக்கேன்னு உங்க புஸ்தகம் சொல்லுது. வர்லன்னா வர்லன்னு எழுதுங்க" என்றேன். ஒருவர் ஜன்னல் வழியே வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தார். குப்பத்துக்குக் குழாய் வேண்டும் என்று முன்மொழிந்தேன். வழிமொழிய ஆள் வேண்டுமே. நம் குப்பத்து உறுப்பினர் சின்னப்பனைப் பார்த்தேன். அவர் பெண்சாதி முனியம்மாள் தினமும் என்னோடு குடம் தூக்குகிறவள். அந்த மனுஷன் கால் நகத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். உலகநாதனையாவது எதிரி என்று ஒதுக்கிவிடலாம், இந்த ஜென்மத்தை என்ன செய்வது? விவாதித்து ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதிக்கொண்டார்கள். என் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். முனியம்மாள் அன்றைக்கு அவருக்குச் சோறு போடவில்லையாம்.

யூனியன் ஆபீஸிலும் மனு கொடுத்தேன். ரேகையைப் பரிசோதனைக்கு அனுப்பினால் வருஷக்கணக்காகும் என்றார்கள். முன்மொழிந்தவரே அந்தக் கைநாட்டு அவளுடையதல்ல என்று எழுதிக் கொடுத்தால் பழைய தீர்மானத்தை ரத்து செய்யலாமாம். மே மாதம் விசாரணை. இது தெரிந்ததும் உலகநாதன் சின்னப்பனை விட்டுச் சொல்லி அனுப்பினார், அண்ணன் பொழப்புல மண்ணு போடாதன்னு. மச்சானும் விட்டுத்தொலை என்கிறார். பயந்துபோயிருக்கிறார்.

எனக்கும் பயம்தான். உன்னிடம் எதைக் கேட்கிறேன் என்று தெரிந்துதான் கேட்கிறேன். நீ கேட்டிருந்தால், விசாவுக்காக நானே கையெழுத்துப் போட்டிருப்பேனோ என்னவோ. அதையும் யோசித்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. ஆனால் நீ கேட்கவில்லை. ஒண்ணும் சொல்லாது என்று நீயாகவே முடிவுகட்டிவிட்டாய்.

அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. நீ அனுப்பிய போர்வையைப் போர்த்திக்கொண்டு, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் என் பிள்ளை அனுப்பினான் என்கிறது. அந்த வாயைக் கெடுக்க எனக்கு மனசில்லை.

விசாரணைக்கு முன் வந்து சேர்கிற மாதிரி அந்தக் கைநாட்டு என்னுடையதல்ல என்று நாலு வரி எழுதி அனுப்பு. முடியாது என்றால் முடியாது என்றாவது எழுது. சும்மா இருந்துவிடாதே, அண்ணா. நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் நான் போவேன். அங்கே உன் பெயரை நான் எந்த வாயால் சொல்வது என்பது மட்டும்தான் உன் கையில் இருக்கிறது.

அங்கே குழாயைத் திருகினால் ராத்திரி பகல் தண்ணீர் கொட்டுகிறது என்று எழுதியிருந்தாய். வெயிலில் வேலை செய்கிற உடம்பு, வேளாவேளைக்கு நிறையக் குடி. கடலம்மா உன்னை நன்றாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை,
மு. தனக்கோடி