புளியங்கொட்டைப் பசை

ஹப்சிகுடா
11.08.2025, திங்கள் இரவு

அன்புள்ள கரோலின் அத்தைக்கு,

உங்கள் வீட்டோடு பேச்சு நின்று எட்டு மாதம் ஆகிறது. நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. அப்பாவுக்கு நாச்சாரத்தில் இரவு ஷிஃப்ட். அம்மா தூங்குகிறார். என் ஃபோனை அம்மா பார்ப்பார் என்பதால் கடிதம். தமிழில் எழுதினால், தெலுங்கு பேசும் என் வகுப்பில் யார் கையில் சிக்கினாலும் படிக்கத் தெரியாது. காலையில் பள்ளிக்குப் போகும்போது தார்நாகாவில் உங்கள் கேட் பெட்டியில் போட்டுவிடுவேன்.

அத்தை, மூன்று வாரமாக எனக்கு அங்கே அரிப்பு, எரிச்சல். வெள்ளையாகவும் படுகிறது. கெட்ட பெண்களுக்குத்தான் அப்படி வரும் என்று என் வகுப்பு ஹர்ஷிதா யாரைப் பற்றியோ சொல்லிச் சிரித்தாள். நான் எந்தத் தப்பும் செய்யவில்லை.

அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்? சர்ச் அசன விருந்தில் ஒருவர் உங்கள் ஆராய்ச்சி என்னவென்று கேட்டார். "யோனியில் வரும் பூஞ்சைத் தொற்றுக்குச் செடிப் பசையில் மருந்து" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னீர்கள். அம்மா பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினார். அன்றோடு பேச்சு நின்றது.

உங்கள் ஆய்வகத்துக்கு வந்தபோது, புளியங்கொட்டைப் பசையில் செய்த கண்ணாடித்தாள் மாதிரி ஒன்றைக் காட்டினீர்களே, அதில் ஒன்று தாருங்கள். பெட்டியில் வைத்தால் எடுத்துக்கொள்வேன்.

இதை எழுதுவதற்குள் மூன்று தடவை பாத்ரூம் போய்விட்டேன். தண்ணீர் பாட்டிலும் காலி. "ஒட்டகமா பிள்ளே நீ?" என்று அம்மா கேலி செய்வார். என் ஸ்கர்ட்டை இரண்டாம் தடவை பிடித்துத் தைத்தபோது, "இளைச்சதும் நல்லாத்தான் இருக்கே" என்றார்.

யாரிடமும் சொல்லாதீர்கள்.

பிளெசி


தார்நாகா
12.08.2025

பிளெசிக் கண்ணு,

முதலில் இது: நீ கெட்ட பெண் இல்லை. அந்தப் பூஞ்சை எல்லோர் உடம்பிலும் இருப்பது. இடம் கிடைத்தால் பெருகும். ஹர்ஷிதாவுக்கும் நாளைக்கு வரலாம்.

நீ கேட்டதைத் தர மாட்டேன். அது இன்னும் ஆய்வகத் தட்டைத் தாண்டவில்லை. எந்த மனுஷர் உடம்பிலும் வைத்ததில்லை. அந்தப் பசை மருந்தை இடத்தைவிட்டு நகராமல் பிடித்துக்கொள்ளும், மெதுவாக விடும். நோய் ஏன் வந்தது என்று அதற்குத் தெரியாது. அதைத்தான் நான் கேட்கிறேன். இந்தத் தாகம் எத்தனை நாளாக? எத்தனை கிலோ குறைந்தாய்? வாந்தி உண்டா?

இன்றே அம்மாவிடம் சொல். வியாழன் காலை வரைதான் பொறுப்பேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நான் வாக்குத் தரவில்லை, ஞாபகம் வைத்துக்கொள்.

கரோலின் அத்தை


13.08.2025, இரவு

அத்தை,

சொல்ல முடியவில்லை. அடுப்படி வரை போய்விட்டுத் திரும்பிவிட்டேன். தாகம் ஒரு மாதமாக. ஏழு கிலோ குறைந்திருக்கிறேன். இன்று இரண்டு தடவை வாந்தி. அம்மா பானிபூரிமேல் பழி போட்டார். வயிறு வலிக்கிறது. எழுத்து கோணலாகப் போகிறது, மன்னியுங்கள்.

நீங்கள் வந்து சொன்னால் அம்மா என்னை என்ன நினைப்பார்? வராதீர்கள். வந்தால் இனி உங்களுக்கு எழுத மாட்டேன்.

பிளெசி


மருத்துவமனை
14.08.2025, மாலை

பிளெசி,

நீ கண் விழிக்கும்போது இது தலையணைக்கு அடியில் இருக்கும்.

காலையில் பெட்டியைத் திறந்ததும் உங்கள் வீட்டுக்கு ஓடினேன். உன் அம்மா, என் மைனி, கதவைத் திறந்து, "யாரு வேணும்?" என்றார். உன் கடிதங்களை நீட்டினேன். நின்றபடியே படித்தார். பிறகு செருப்புக்கூடப் போடாமல் ஆட்டோவில் ஏறினார். பள்ளியில் நீ நினைவு தப்பிக் கிடந்தாய். ரத்தத்தில் சர்க்கரை அறுநூறைத் தாண்டியிருந்தது. பூஞ்சைக்குத் தீனி போட்டது அதுதான். அரிப்பு அடங்கட்டும் என்று நான் எதையாவது கொடுத்திருந்தால், இது தெரியாமலே போயிருக்கும்.

உன் பேச்சை மீறினேன். இனி நீ எழுதாவிட்டாலும் பரவாயில்லை, நீ இருந்தால் போதும்.

கரோலின்


மருத்துவமனை
19.08.2025, பகல்

அன்புள்ள அத்தைக்கு,

மூன்று நாள் உங்கள்மேல் கோபம். அதனால்தான் நீங்கள் வந்தபோதெல்லாம் தூங்குவதுபோல் படுத்திருந்தேன்.

அன்றைக்கு அவசரப் பிரிவில் என்னால் கண் திறக்க முடியவில்லை, ஆனால் காது கேட்டது. சின்ன வயது டாக்டர் ஒருவர் வேறு என்ன தொந்தரவு என்று கேட்டார். நர்ஸ்கள், ஆட்டோக்காரர், எங்கள் பி.டி. சார், எல்லோரும் நின்றார்கள். அம்மா சத்தமாகச் சொன்னார்: "யோனியில பூஞ்சைத் தொற்று, டாக்டர். மூணு வாரமா. பெத்தவ எனக்குத் தெரியல." பிறகு அதையே தெலுங்கிலும் சொன்னார்.

நேற்று அதைப் பற்றிக் கேட்டேன். "உங்க அத்தைக்குத்தான் வாய் கூசாதுன்னு நினைச்சேன். இப்ப எனக்கும் கூசல" என்று ஊசியில் மருந்தை ஏற்றினார். இன்சுலின் இனி தினமும் வேண்டுமாம். அரிப்புக்குச் சாதாரண மாத்திரையே போதுமென்று கொடுத்தார்கள், குறைந்துவிட்டது.

இதைப் பெட்டியில் போடப்போவதில்லை. அம்மாவே உங்கள் வீட்டுக்குக் கொண்டுவருகிறார். உறையை ஒட்டவில்லை.

பிளெசி