அறுநூறு மீட்டர்

செவ்வாய்க் கோள், வடதளம். நாள் 212, 08:00
காற்று மேற்கிலிருந்து, மிதம். பார்வைத் தொலைவு பத்து கிலோமீட்டருக்கு மேல், மலைமுகடு தெளிவு. கருவியும் அதையே சொல்கிறது. பதிபவர்: ரெஜினா சேவியர், வானிலை நோக்கர். தளத்தில் நான் மட்டும். நாளை கலம் வருகிறது: முப்பத்தெட்டுப் பேர், எனக்கான ஆக்சிஜன் உருளைகள்.

நாள் 213, 09:10
தெற்கே தூசி எழுந்துவிட்டது. இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் எரிபொருள் தொட்டி மறைந்தது. அறுநூறு மீட்டரில் நட்ட கம்பம் மட்டும் தெரிகிறது. கருவி இன்னும் பத்து கிலோமீட்டர் என்கிறது. அது மேட்டில் நிற்கிறது. இரு தூண்களுக்கு நடுவே ஒளியைப் பாய்ச்சி, அந்த எழுபது மீட்டரை மட்டும் அளந்து மற்றதைக் கணக்கிடுகிறது. தூசி அங்கே ஏறவில்லை. கலம் இறங்குவதோ தளம் இருக்கும் பள்ளத்தில். அறுநூறு என்று அனுப்பினேன்.

09:25
மேலே சுற்றும் நிலையத்திலிருந்து கட்டுப்பாட்டாளர் குணாளன்: "கருவி பத்து கிலோமீட்டருங்குது, நீங்க அறுநூறு மீட்டருங்கிறீங்க. ஒரு ஆள் கண்ணை நம்பி கலத்தை நிறுத்த முடியாது."
"சார், கருவி நிக்கிற இடம் வேற, அவங்க இறங்குற இடம் வேற."
"கருவியோட அறிக்கைதான் போகும்."

10:02
வெளியே போனேன். கம்பமும் இல்லை. இருநூறு எட்டுகள் வைத்துத் திரும்பினால் தளத்தைக் காணவில்லை. தளத்தோடு கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துத்தான் வந்து சேர்ந்தேன்.

10:20
விமானி ஷாகுல் இறங்கத் தொடங்கிவிட்டார். அனுமதி கேட்காமல் நேராக அழைத்தேன்.
"ஷாகுல், ரெஜினா பேசுறேன். கீழ நூறு மீட்டர்கூடத் தெரியல. மேல போயிடுங்க."
"அக்கா, எங்களுக்குப் பத்துன்னுல்ல வந்திருக்கு."
"அது மேட்டுல எடுத்தது. நான் பள்ளத்துல நின்னு பாத்துட்டு வர்றேன்."
"ஏறிட்டா மறுபடி இறங்க எரிபொருள் இல்ல. அடுத்த கலத்துக்கு இருபத்தாறு நாளாகும். உங்ககிட்ட காத்து எத்தனை நாளைக்கு இருக்கு?"
ஒன்பது நாளைக்கு. "நாப்பது" என்றேன்.
"சரிக்கா. ஏறுறேன்."
இந்த வேலையில் நான் சொன்ன ஒரே பொய்க் கணக்கு.

நாள் 214, 08:00
கலம் நிலையத்தைச் சேர்ந்துவிட்டது. முப்பத்தெட்டுப் பேரும் நலம். குணாளனின் செய்தி: "உத்தரவை மீறியதால் உங்கள் அறிக்கைகள் இனி ஏற்கப்படமாட்டா."
பார்வைத் தொலைவு முப்பது மீட்டர். அனுப்பினேன்.

நாள் 216, 16:00
வடிகட்டி கிழிந்துவிட்டது. வெளிக்காற்றைச் சுத்திகரித்து உருளை ஆக்சிஜனோடு கலக்கும் காற்றோட்டக் குழாய் இப்போது தூசியையும் அறைக்குள் இழுக்கிறது, நிறுத்தினால் மூச்சில்லை. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டேன், அதில் ஒரு மணி நேரக் காற்று. பார்வைத் தொலைவு: கதவு, நான்கு மீட்டர், மங்கலாக.

16:40
கதவு தெரியவில்லை. மேசை விளிம்பு, ஒரு மீட்டர்.

16:52
விளிம்பு இல்லை. எழுதும் கை