அவிக்காத ஒரு பிடி

தங்கைக்கு,

உன்னை ஸ்மிர்னா அடிமைச் சந்தையில் விற்றதாகக் கேள்விப்பட்டு அங்கேயே எழுதுகிறேன்.

நான் வந்து சேர்ந்த பாரிஸில் ஓர் ஓவியர் நம் கியோஸ் தீவின் படுகொலையை வரைந்தார். அதில் பிடிபட்ட பெண்ணுக்கு மாதிரியாக நான் உட்கார்ந்தேன். "வானத்தைப் பாரும்மா" என்றார்.

"அன்னிக்கு யாருங்க வானத்தைப் பாத்தா? மூஞ்சி தெரியக் கூடாதுன்னு மண்ணைத்தான் பாத்தோம்" என்றேன்.

"அப்படி வரைஞ்சா வெறும் கொண்டைதான் தெரியும். எவன் வந்து பாப்பான்?" என்று சிரித்தார். நிமிர்ந்தேன்.

படம் இப்போது பெரிய கூடத்தில் தொங்குகிறது. "அந்தப் பாவாடைச் சிவப்பு என்ன அழகுடி!" என்று ஒரு சீமாட்டி தோழியிடம் சொன்னாள். நான் அதில் நிமிர்ந்திருக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். படுகொலை நடந்த அன்று, நாம் பிசின் எடுக்கும் மாஸ்டிக் மரத்தடியில் நீ "அக்கா" என்று இரண்டு தரம் கூப்பிட்டாய். எனக்குக் கேட்டது. உன்னைச் சிப்பாய்கள் எந்தப் பக்கம் இழுத்துப் போனார்கள் என்று நான் பார்க்கவில்லை.

நாளை இறந்தவர்களின் சனிக்கிழமை, செத்தவர்கள் பேரில் கோதுமை அவித்துப் படைக்கும் நாள். அன்று செத்த அம்மாவுக்கும் பண்டெலி அண்ணனுக்கும் அவிக்கிறேன். உன் பங்காக ஒரு பிடியை மட்டும் அவிக்காமல் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். முன்பு எழுதிய மூன்று கடிதங்களும் திரும்பி வந்துவிட்டன. இதுவும் வந்தால், அடுத்த வருடம் அதையும் சேர்த்துப் போட்டுவிடுவேன். பானையில் இடம் இருக்கிறது.

உன் அக்கா