ஊறுகாய் ஜாடிக்குள் கடல்தரை

ஆங் மோ கியோ,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சிவானிக்கு,

உன் அப்பா போனபின் அவருடைய பொறுப்பையும் சாய்வு நாற்காலியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்ட சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் கட்சி மாறிவிட்டது. ஓமான் வெயிலில் நீ தொப்பி போட்டுக்கொண்டு நலமாக இருக்கிறாய் என்றே நம்புகிறேன். இன்று நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள், சிராங்கூன் சாலை அம்மன் சாட்சியாகச் சொல்கிறேன்.

நீ அனுப்பிய கரும்பச்சைக் கல் வந்து சேர்ந்தது. அதன் கனத்தில் மின்தூக்கி மூன்றாம் மாடியில் நின்று மூச்சு வாங்கியது, எங்கள் அடுக்குமாடி புளோக்கே கிழக்கே பாசிர் ரிஸ் பக்கம் சாய்ந்தது. உன் அம்மா, அதாவது என் அண்ணி, கல்லோடு வந்த உன் கடிதத்தைப் பிரிக்கவே இல்லை. வங்கி வேலையை விட்டுக் கல் ஆராயப் போனாய் என்று இரண்டு வருடமாக உன்னோடு பேசாதவர் அல்லவா, “நான் கல்லா கேட்டேன்?” என்று சொல்லி, எலுமிச்சை ஊறுகாய் மேலே மிதக்காமலிருக்க அதை ஜாடிக்குள் பாரமாக வைத்துவிட்டார். சற்று நேரத்தில் கல்லின் வெள்ளை வரிகளெல்லாம் நுரைக்கத் தொடங்கின. “தம்பி, கல்லு மூச்சு விடுது, வந்து பாருங்களேன்” என்று கூப்பிட்டார். நான் போவதற்குள் அதை எடுத்துப் பதினாறாயிரம் முறை கழுவி முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். “புள்ள அனுப்புனதக் கெடுத்துட்டேனே” என்றார். இரண்டு வருடத்தில் அந்த வாயிலிருந்து ‘புள்ள’ வந்தது அன்றுதான்.

கல்லுக்கு ஒன்றும் ஆகாது, அந்த வரிகள் சுண்ணாம்பு வகை, புளிப்புப் பட்டால் பொங்கும் என்று தேற்றிவிட்டு, உன் கடிதத்தைப் பிரித்து மகா பண்டிதனாக வாசித்தேன். நடுக்கடலில் பூமி பிளந்து, கொதிக்கும் பாறை மேலே வந்து இறுகித் தரையாவதும், புதியது பிறக்கப் பிறக்கப் பழையது நகம் வளரும் வேகத்தில் விலகிப்போவதும், வயதாகிக் குளிர்ந்து கனத்து மறுபடி பூமிக்குள்ளேயே மூழ்குவதும், மூழ்காமல் ஓமான் மலைமேல் ஏறிவிட்ட அந்தத் தரையின் ஒரு துண்டுதான் இந்தக் கல் என்பதும் எல்லாம் சொன்னேன். “இவ்வளவு கனமானது எப்படித் தம்பி மலை ஏறுச்சு?” என்று கேட்டார். நிலத்தின் விளிம்பு அந்தக் கடல்தரைக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது, நிலம் லேசானதால் அதற்குமேல் மூழ்க முடியாமல் எழும்பியது, எழும்போது கடல்தரையையும் முதுகில் சுமந்துகொண்டே எழுந்தது என்று நீ எழுதியதை அப்படியே படித்தேன். கல்லை மடியில் வைத்து அதன் வரிகளை விரலால் தடவினார். பிறகு, “அப்ப நிலந்தான் குனிஞ்சு தூக்கியிருக்கு” என்றார். நான் எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை. என் வாழ்நாளிலேயே அது முதல் தடவை.

மறுநாள் நாற்பது யானைகள் முன்னே போக, அண்ணி தெக்கா சந்தைப் பக்கம் ஒரு கடையில் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கப் போனார். கல் இப்போது உன் அப்பா படத்துக்குக் கீழே இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு, மலையில் தனியாக ஏறாதே. வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு மறக்காமல் போன் செய். நான் எடுக்கமாட்டேன், அண்ணிதான் எடுப்பார். ஊறுகாய்ப் பேச்சை மட்டும் நீ எடுக்காதே. கடலும் நிலமும் உனக்குத் துணை நிற்கட்டும், நூறாண்டு இரு.

யானை, மின்தூக்கி, சாய்ந்த புளோக் எல்லாவற்றையும் நீ கழித்துவிடுவாய் என்று தெரியும். ஒன்றே ஒன்று நிஜம் என்று ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பாஸ்போர்ட் படத்தின் ஒரு பிரதி இந்த உறைக்குள் இருக்கிறது, எடுத்துப் பார்.

உன் சித்தப்பா,
மாசிலாமணி